உலர்ந்த சரக்கு என்று நம்பி ஏற்றினார்கள்: ‘பல்க் ஜூப்பிட்டர்’ கேள்வி பதில்

2015 ஜனவரி 2 அன்று வியட்நாமின் வுங் தௌ கரைக்கு அப்பால் ‘பல்க் ஜூப்பிட்டர்’ மூழ்கியது. மலேசியாவின் குவாந்தானில் 46,400 டன் பாக்சைட் (அலுமினியத் தாது) ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போன கப்பல். இருந்த 19 மாலுமிகளும் பிலிப்பீன்ஸ்காரர்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். சிங்கப்பூரில் பல வருடம் சரக்கு சர்வேயராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈசூன் தம்பி: அண்ணே, அவ்வளவு பெரிய கப்பல் எப்படிச் சட்டென்று மூழ்கும்? ஓட்டைக் கப்பலா?

இல்லை தம்பி, 2006-ல் கட்டியது. அதனால்தான் அது மர்மமாக இருந்தது. விசாரணை போய் நின்ற இடம் சரக்கு. ஏற்றிய நாட்களில் குவாந்தானில் மழை. பாக்சைட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது சரக்கு ஏற்றுவதற்கான சர்வதேச விதிநூலின் கணக்கு. இந்தச் சரக்கில் சராசரி 21.3. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கி நடந்து பாருங்கள். லேசாகச் சாய்ந்தால் போதும், தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். கப்பலின் வயிற்றுக்குள் சேறு அதைத்தான் செய்யும்.

ஜூரோங் நண்பர்: மண் அப்படியே குழம்பாகிவிடுமா?

முதலில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அப்புறம் பாக்சைட்டுக்கென்றே அமைத்த ஆய்வுக் குழு 2017-ல் வேறு விளக்கம் தந்தது. கப்பல் ஆட ஆட, அடியில் தாது இறுகுகிறது. அதிலிருந்து பிழியப்பட்ட நீர் நுண்பொடியையும் இழுத்துக்கொண்டு மேலே வந்து தளும்புகிறது. அப்போது கப்பல் அலைக்குச் சம்பந்தமே இல்லாமல் தள்ளாடும். இந்த ஒரு வரியைக் கடலில் இருக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். அதுவரை பாக்சைட்டை ஆபத்தில்லாத சி பிரிவில்தான் வைத்திருந்தார்கள். நுண்பொடி அதிகமுள்ள பாக்சைட், ஈரத்தால் ஆபத்து வரக்கூடிய சரக்குகளுக்கான ஏ பிரிவுக்கு மாறியது இந்த 18 பேர் போன பிறகு. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உட்லண்ட்ஸ் அன்பர்: ஏற்றியது மலேசியாவில், மூழ்கியது வியட்நாம் பக்கம். பஹாமாஸ் ஏன் விசாரித்தது?

கொடி அவர்களுடையது, அதாவது கப்பல் பதிவானது அங்கே. 2024-ல் பால்டிமோர் பாலத்தை இடித்த ‘டாலி’ நம் கொடிக் கப்பல் என்பதால் நம் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவும் இறங்கியது அல்லவா, அதே கணக்கு.

அங் மோ கியோ அன்பர்: யாருக்குத் தண்டனை?

இந்த விசாரணை அதற்கல்ல. காரணம் கண்டு, அடுத்த கப்பலைக் காப்பதற்கு.

தேக்கா அம்மா: ஐயா, என் மகன் கேடட்டாகக் கப்பல் ஏறப் போகிறான். அவன் எதைப் பார்க்க வேண்டும்?

அம்மா, சரக்கில் ஈரம் அதிகமா என்று முதலில் பார்க்க ஒரு டப்பா போதும். அரை லிட்டரோ ஒரு லிட்டரோ பிடிக்கிற டப்பாவில் பாதிக்குச் சரக்கை நிரப்பி, ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான மேசையில் ஓங்கித் தட்ட வேண்டும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு தட்டு, மொத்தம் 25. பிறகு மேல்பரப்பைப் பார்க்க வேண்டும். நான் செய்தபோது ஒருமுறை, கையில் உதிர்ந்த மண், பதினைந்தாவது தட்டிலேயே எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. விரல் வைத்தால் ஈரம். அப்படித் தெரிந்தால் மேலும் ஆய்வகச் சோதனை வேண்டும். தெரியாவிட்டாலும் சரக்கு நல்லது என்று அர்த்தமில்லை. ஆய்வகச் சான்றிதழைக் கேட்டே ஆக வேண்டும். நள்ளிரவானாலும் சீஃப் மேட்டை, அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியை, எழுப்பிச் சொல்லட்டும். ஏற்ற மாட்டேன் என்று சொல்லக் கேப்டனுக்கு உரிமை இருக்கிறது.