எடை குறைந்த முதுகுப்பையில் ஸ்னோஷூவைச் சுமக்கப் புதுப் பை வேண்டுமா?

கேள்வி: என்னிடம் உட்சட்டகம் (சுமையைத் தாங்கப் பைக்குள் வைக்கும் விறைப்பான தண்டுகள்) இல்லாத 45 லிட்டர் முதுகுப்பை ஒன்று இருக்கிறது, வெறும் பையின் எடை 700 கிராம்தான். இந்தக் குளிர்காலத்திற்காக, பனியில் கால் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஸ்னோஷூ, 25 அங்குல நீளத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். ஜோடியின் எடை ஏறத்தாழ 1.9 கிலோ. நான் நடக்கும் பாதையின் தொடக்கத்தில் பனி குறைவு என்பதால், முதல் இரண்டு மணி நேரம் அவற்றை முதுகில்தான் சுமக்க வேண்டும். இதற்கென்றே செய்யப்பட்ட குளிர்காலப் பையை வாங்காமல் முடியாது என்கிறார் கடைக்காரர். அந்தப் பை மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிறது. அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. பணத்தை எடுப்பதற்கு முன், ஸ்னோஷூ, தண்ணீர், உணவு உட்பட நீங்கள் கொண்டுபோகும் அனைத்தையும் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். உட்சட்டகம் இல்லாத பைகளில் சுமை பெரும்பாலும் தோளிலேயே தங்குவதால், எட்டு ஒன்பது கிலோவைத் தாண்டியதும் நடை கடினமாகிவிடும். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறவராக இருந்தால், ஸ்னோஷூவையும் சேர்த்து இந்த அளவுக்குள் அடங்கிவிடலாம். அப்படியானால் உங்கள் பையே போதும். இரவு தங்குவதாக இருந்தால் தடித்த உறக்கப்பை, கூடுதல் உடை, கூடுதல் எரிபொருள் எல்லாம் சேர்ந்து எல்லையை மீறிவிடும். அப்போதும் இரண்டு கிலோ பை கட்டாயமில்லை. அலுமினியத் தண்டுகள் வைத்த, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பைகள் கிடைக்கின்றன. அவை சுமையை இடுப்புக்கு இறக்கிவிடும்.

உங்கள் பையிலேயே கட்டுவதாக முடிவு செய்தால், எங்கே கட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். எடை குறைந்த பைகளின் பின்புறத்தில் பெரிய வலைப்பை ஒன்று இருக்கும். ஸ்னோஷூவை அதற்குள் செருகிவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து செருகாதீர்கள். ஸ்னோஷூவின் அடியில் உள்ள உலோகப் பற்கள், உறைந்த பனியைக் கவ்விப் பிடிப்பதற்காகவே கூர்மையாகச் செய்யப்பட்டவை. ஒவ்வோர் அடிக்கும் சற்றே அசையும் அந்தப் பற்களுக்கு முன்னால், மெல்லிய வலை நெடுநேரம் தாங்காது.

இரண்டு ஸ்னோஷூக்களையும் அடிப்பாகம் அடிப்பாகத்தைப் பார்க்கும்படி சேர்த்து, பற்களை நடுவில் மறைத்து, முதலில் ஒரே கட்டாகக் கட்டுங்கள். பிறகு அந்தக் கட்டைப் பையின் பின்புறத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வார்களால் இறுக்குங்கள். ஒற்றை வாரில் தொங்கும் கட்டு ஊசல்போல் ஆடி நடையின் தாளத்தையே குலைத்துவிடும். வாரைக் கோக்கும் வளையங்கள் பையின் தையல் மடிப்புக்குள் வைத்துத் தைக்கப்பட்டவையா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். ஈரத் துணியைத் தொங்கவிடுவதற்கென வைத்திருக்கும் மெல்லிய வளையங்களை இதற்கு நம்பக் கூடாது. பைக்கும் ஸ்னோஷூவுக்கும் இடையில் ஒரு சிறிய ஃபோம் பாயை மடித்து வைத்தால் துணி உராயாது. பனியில் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் அதுவே உதவும்.

கட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். மிகக் கீழே இறங்கினால் படி ஏறும்போது தொடையின் பின்புறத்தில் இடிக்கும். மிக மேலே ஏறினால், சரிவை நிமிர்ந்து பார்க்கும்போது பின்னந்தலையில் முட்டும். பக்கவாட்டில் ஒன்றொன்றாகக் கட்டுவதிலும் ஒரு நன்மை உண்டு; எடை முதுகை ஒட்டியே இருக்கும். ஆனால் கை வீசும்போது முழங்கை தட்டும், நெருக்கமான மரங்களுக்கிடையில் கிளைகள் மாட்டும், தண்ணீர்ப் புட்டியை எடுப்பதும் சிரமமாகும். ஆகவே திறந்த வெளியில் நடப்பவருக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

பின்புறத்தில் கட்டும்போது சுமை பின்னுக்கு இழுப்பது இயல்பு. முதுகிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும் எடை, 10 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள அதே எடையைப் போல மூன்று மடங்கு திருப்புவிசையைத் தரும். இதை ஈடுசெய்ய, உள்ளே இருக்கும் கனமான பொருள்களை, குறிப்பாகத் தண்ணீரையும் உணவையும், முதுகை ஒட்டி வையுங்கள். உறக்கப்பை, உடை போன்றவை பைக்குள்ளேயே முதுகிலிருந்து தள்ளி வெளிப்பக்கமாகப் போகட்டும்.

உண்மையில் நீங்கள் பணம் செலவிட வேண்டியது வார்களுக்குத்தான். எலாஸ்டிக் கயிறு குளிரில் விறைத்து இழுவையை இழந்துவிடும். நைலான் வார் ஈரத்தை உறிஞ்சி உறைந்துபோனால், பக்கிளுக்குள் நகரவே நகராது. பனிச்சறுக்குக்காரர்கள் பயன்படுத்தும் பாலியூரித்தேன் வார், ரப்பர்போல் இழுபட்டு, துளையில் மாட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. குளிரிலும் விறைப்பதில்லை, தண்ணீரை உறிஞ்சுவதில்லை, கையுறையைக் கழற்றாமலே மாட்டவும் அவிழ்க்கவும் முடியும். கையுறையைக் கழற்றிய விரல் சில நிமிடங்களில் மரத்துப்போகும் இடத்தில் இது சிறிய வசதியன்று. கட்டின் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டு, அதைவிட ஒரு கையகலம் நீளமானதை வாங்குங்கள்.

புறப்படுவதற்கு முன் முழுச் சுமையுடன் வீட்டிலேயே குனிந்து, திரும்பி, நான்கு முறை குதித்துப் பாருங்கள். கடகடவென்று ஓசை கேட்டால் கட்டு தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: சுமப்பது எளிது என்பதற்காக 25 அங்குலத்தை மாற்றி 22 அங்குலம் வாங்கலாமா?

பதில்: ஸ்னோஷூவின் நீளத்தை உடல் எடையும் சுமையும் சேர்ந்த மொத்த எடையையும், பனி எவ்வளவு மிருதுவானது என்பதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதுப்பனியில் முழங்கால்வரை புதையும் குட்டை ஸ்னோஷூவுக்கு, முதுகில் மிச்சமான சில நூறு கிராம் எவ்விதத்திலும் ஈடாகாது. இடைவழி ஒன்று உண்டு: எம்எஸ்ஆர் நிறுவனத்தின் சில மாதிரிகளில் பின்பகுதியில் தனியே வால்துண்டு பூட்டிக்கொள்ளலாம். குட்டையானதைச் சுமந்து சென்று, ஆழமான பனி வந்ததும் வாலைச் சேர்க்கலாம். ஒரு மாதிரிக்குரிய வால் வேறொன்றில் பொருந்தாமல் போகலாம் என்பதால், மாதிரியின் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஸ்னோஷூவின் பற்கள் பட்டு என் பையின் வலை கிழிந்துவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா?

பதில்: பொதுவாக உத்தரவாதம் தையல் விட்டுப்போதல், பக்கிள் பழுது போன்ற தயாரிப்புக் குறைகளுக்கே பொருந்தும், கூரான பொருளால் நேர்ந்த கிழிசலைப் பயன்பாட்டுச் சேதமாகவே கருதுவார்கள். ஆயினும் பல தயாரிப்பாளர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு பழுது பார்த்துத் தருகிறார்கள். கிழிசலின் படத்துடன் எழுதிக் கேளுங்கள். காத்திருக்க நேரமில்லையென்றால், கிழிந்த ஓரங்களை மடித்து, அதன்மேல் கெட்டியான நைலான் துண்டு ஒன்றை வைத்து, தையற்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுக்கொள்ளலாம். பையின் உடல் துணியில் கீறல் இருந்தால், ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்திய பின்பே ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். ஈரமோ அழுக்கோ இருந்தால் குளிரில் அது உரிந்துவிடும்.