வாசகர் கேள்வி: கடற்கரைச் சாலையில் எந்த த்ராட்டில் தாங்கும்?

கேள்வி: குளச்சல் துறைமுகத்தில் மீன் எடுத்து, நாள்தோறும் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறேன். என் 36 வோல்ட் பேட்டரி சைக்கிளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான முறுக்கும் த்ராட்டில் ஓராண்டுக்குள் இரண்டு முறை பழுதாகிவிட்டது. இரண்டாவது முறை, கையை எடுத்த பிறகும் வண்டி தானாக ஓடி, ஒரு தள்ளுவண்டியில் மோதப் பார்த்தது. பேட்டரி அளவு காட்டும் திரையுள்ள, விலை கூடிய த்ராட்டிலை வாங்குமாறு கடைக்காரர் கூறுகிறார். வாங்கலாமா?
— வாசகர், குளச்சல்

பதில்: வாங்க வேண்டாம். தங்கள் வண்டியில் கெட்டது த்ராட்டிலாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கெடுத்தது பெரும்பாலும் உப்புத் தண்ணீராகத்தான் இருக்கும்.

இன்றைய த்ராட்டில்களில் பெரும்பாலானவை ஹால் சென்சார் வகையைச் சேர்ந்தவை. கைப்பிடியை முறுக்கும்போது உள்ளே இருக்கும் சிறு காந்தம் நகர்கிறது. அந்த நகர்வைச் சென்சார் மின்னழுத்தமாக மாற்றி, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்கு அனுப்புகிறது. உள்ளே உரசித் தேயும் மின்தொடர்பு எதுவும் இல்லாததால் சென்சார் எளிதில் கெடுவதில்லை. அதிலிருந்து வெளியே வரும் மூன்று ஒயர்களும் அவை சேரும் கனெக்டரும்தான் நம் கடற்கரையில் முதலில் பலியாகின்றன. பழுதான த்ராட்டிலின் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பித்தளைப் பின்களின் மீது பச்சைக் களிம்பு படிந்திருந்தால், காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும், அந்த ஈரக் கையோடு கைப்பிடியைப் பிடிப்பதும் இதை விரைவுபடுத்துகின்றன.

வண்டி தானாக ஓடியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சிவப்பு ஒயர் சுமார் 5 வோல்ட் கொண்டுவருகிறது, கறுப்பு எர்த், மூன்றாவது, பெரும்பாலும் பச்சை அல்லது வெள்ளை, சிக்னல். கறுப்பு ஒயரின் தொடர்பு விட்டுப்போனால், கைப்பிடி சும்மா இருக்கும்போதே சிக்னல் 5 வோல்ட்டை நெருங்கிவிடும். நல்ல கண்ட்ரோலர் இதைக் கோளாறு என்று உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும். மலிவான கண்ட்ரோலரோ முழு வேகம் கேட்கப்படுவதாக எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டும். ஆகவே புதிய த்ராட்டிலுக்குச் செலவிடும் முன்பு, பிரேக் லிவரைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் சுவிட்ச் தங்கள் வண்டியில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.

திரையுள்ள த்ராட்டிலை நான் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பேட்டரி அளவைக் காட்டுவதற்காக, முழு சார்ஜில் 42 வோல்ட் வரை இருக்கும் பேட்டரி மின்சாரம் கைப்பிடி வரை வந்து, 5 வோல்ட் ஒயர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் இறங்கினால், சென்சாரோடு கண்ட்ரோலரும் சேர்ந்து கருகலாம். மீன் சுமக்கும் வண்டிக்கு மூன்று ஒயர் மட்டுமுள்ள சாதாரண த்ராட்டிலே போதும். அதில் தட்டையான திறந்த கனெக்டருக்குப் பதிலாக, திருகாமல் அழுத்திச் சொருகும், ரப்பர் வளையமுள்ள உருண்டையான வாட்டர்புரூஃப் கனெக்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பின்களின் அமைப்பு கண்ட்ரோலரோடு பொருந்துகிறதா என்பதையும் சரிபாருங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள்.

கடையிலேயே கைப்பிடியை முழுதாக முறுக்கிவிட்டுச் சட்டென விடுங்கள். அது தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். பொருத்திய பின், பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, சிக்னல் ஒயரை மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 0.8 முதல் 1 வோல்ட் வரையும், முழுதாக முறுக்கும்போது 3.5 வோல்ட்டுக்கு மேலும் காட்டுவது இயல்பு. இடையில் முள் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். பின்களில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவி, கனெக்டருக்கு முன்பாக ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துக் கட்டினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப்பை வரிந்து சுற்றுவது நம் ஊர் வழக்கம். அது தண்ணீரைத் தடுப்பதில்லை, புகுந்த தண்ணீரை வெளியேற விடாமல் வைத்துக்கொள்கிறது.

கேள்வி: முறுக்கும் வகை நல்லதா, கட்டைவிரலால் அழுத்தும் வகை நல்லதா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மேட்டுச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது, முறுக்கும் கைப்பிடியைப் பிடித்த கை தன்னையறியாமல் அதைத் திருப்பிவிடும். மோட்டார் அணைக்கப்படாமல் இருந்தால் வண்டி கையை மீறிப் பாயும். கட்டைவிரல் வகையில் இந்த அபாயம் குறைவு. ஆனால் நெடுந்தூரம் அழுத்திப் பிடித்தால் விரல் கடுக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. அப்படியிருந்தால் முறுக்கும் வகையையே பொருத்திக்கொண்டு, இறங்கித் தள்ளும்போதெல்லாம் சாவியை அணைத்துவிடுங்கள். பொருத்துகிறவர் அருகிலுள்ள ரப்பர் பிடியை முறுக்கும் பகுதியின் மேல் நெருக்கித் தள்ளிவிடாமல், ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவை உரசினால் புதிய த்ராட்டிலும் முறுக்கிய இடத்திலேயே சிக்கி நிற்கும்.