வேப் திரவத்தை வீட்டிலேயே கலக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். 12 வருடம் சிகரெட் பிடித்தேன், அதை விட்டு, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறினேன். 2025 ஜூன் 1-ஆம் தேதி அதற்குத் தடை வந்ததும், திரவம் நிரப்பிக்கொள்ளும் சின்ன பாட் (pod) வேப் ஒன்று வாங்கினேன். திரவச் செலவு கட்டுப்படியாகவில்லை, வீட்டில் கலந்தால் மலிவு என்கிறார்கள். எப்படித் தொடங்குவது? கேக்குக்குப் போடும் வனிலா எசன்ஸ் சேர்க்கலாமா? கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியும் ஒரு செட் கேட்கிறான், ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா? வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: எசன்ஸ் வேண்டவே வேண்டாம். சமையல் எசன்ஸ் வயிற்றுக்குள் போவதற்காகச் செய்தது. சிலவற்றில் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் சர்க்கரை. எண்ணெய் ஆவியாகி நுரையீரலில் படிந்தால் லிப்பாய்டு நிமோனியா என்ற நுரையீரல் அழற்சி வரலாம். வேப்புக்கென்றே விற்கும் ஃபிளேவரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வெண்ணெய் வாசனை தரும் டைஅசிடைல் பிரிட்டனில் வேப் திரவத்தில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது, ஆனால் நிகோடின் இல்லாமல் தனியாக விற்கும் ஃபிளேவர் பாட்டில்கள் நிகோடின் திரவங்களுக்கான அந்த விதிகளுக்குள் வருவதில்லை. அதனால் கஸ்டர்ட், கிரீம் வகை வாங்கினால் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது உங்கள் கருவி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். கடைக்காரர் 50 மி.லி. ஷார்ட்ஃபில் (நிகோடின் சேர்க்க இடம் விட்டு நிரப்பிய, நிகோடின் இல்லாத திரவ பாட்டில்) ஒன்றைக் கையில் கொடுத்து, மில்லிக்கு 18 மி.கி. உள்ள நிக் ஷாட் (நிகோடின் திரவம் உள்ள சின்ன பாட்டில், 10 மி.லி.) ஒன்றை ஊற்றிக் குலுக்கினால் போதும் என்பார். கணக்கு போட்டுப் பாருங்கள்: 180 மி.கி. நிகோடின் 60 மி.லி.யில் கரைந்தால் மில்லிக்கு 3 மி.கி.தான். நீங்கள் பழகிய வேப்பில் மில்லிக்கு 20 மி.கி. இருந்திருக்கும். சின்ன பாடில் 3 மி.கி. உங்களுக்குப் பத்தாது, நாலு நாளில் கை தானாக சிகரெட்டைத் தேடும், பிறகு மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமே இல்லை. போதாததற்கு ஷார்ட்ஃபில் பெரும்பாலும் 70 சதவீதம் கிளிசரின், கெட்டியானது, பாடுக்குள் திரவத்தைச் சூடாக்கும் சின்ன கம்பிச்சுருளால் (coil) அதை உறிஞ்ச முடியாமல் கருகல் வாடை அடிக்கும். உங்கள் பாடுக்கு கிளிசரினும் புரொப்பலீன் கிளைகாலும் பாதிப் பாதி இருப்பதுதான் சரி.

லாங்ஃபில் என்று கேளுங்கள். 60 மி.லி. பாட்டிலில் 10 மி.லி. ஃபிளேவர் மட்டும் இருக்கும். அதில் மில்லிக்கு 20 மி.கி. உள்ள 10 மி.லி. நிக் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) ஷாட் மூன்றும், மீதி 20 மி.லி.க்கு நிகோடின் இல்லாத அடித்திரவமும் ஊற்றினால் மில்லிக்கு 10 மி.கி. வரும். இதில் ஒரு எல்லை இருக்கிறது: இங்கே சட்டப்படி நிகோடின் திரவத்தை மில்லிக்கு 20 மி.கி.க்கு மேலும் விற்கக் கூடாது, 10 மி.லி.க்குப் பெரிய பாட்டிலிலும் விற்கக் கூடாது. எனவே 20 மி.கி. இல்லாமல் முடியாது என்றால் வீட்டில் கலக்கவே வழியில்லை, எதைச் சேர்த்தாலும் நீர்த்துத்தான் போகும். அந்த நிலையில் இருந்தால் இன்னும் சில மாதம் ரெடிமேட் திரவமே வாங்குங்கள், செலவாகட்டும். அதிக வீரியமுள்ள நிகோடினை வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது.

அளப்பதற்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு நல்லது. ஆனால் மில்லியும் கிராமும் ஒன்றல்ல: கிளிசரின் 1 மி.லி. 1.26 கிராம், கிளைகால் 1.04. கலந்த பிறகு ஊற விட வேண்டும்: பழ ஃபிளேவர் ஓரிரு நாளில் தயாராகிவிடும், கிரீம் வகைக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

குழந்தை தூங்கிய பிறகு, கையுறை போட்டு, சமையல் மேடையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கலக்குங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். குழந்தை திறக்க முடியாத மூடி, தேதியும் மி.கி.யும் எழுதிய லேபிள், பூட்டுகிற அலமாரி, மூன்றுமே வேண்டும். ஸ்ட்ராபெரி மணக்கும் பாட்டிலைக் குழந்தை ஜூஸ் என்றுதான் நினைக்கும். கொஞ்சம் வாய்க்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

செலவு விஷயத்தில் இன்னொன்று. 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு வரி, நிகோடின் இல்லாத திரவத்துக்கும் சேர்த்து. அதனால் சேமிப்புக் கணக்கை வரியோடு போடுங்கள். என்னைக் கேட்டால் கலப்பதில் பெரிய லாபம், நிகோடினை 10 மி.கி.யிலிருந்து 8, பிறகு 6 என்று நீங்களே மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம் என்பதுதான்.

தம்பிக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம், முழுக் கருவியானாலும் சரி, அதன் பாகமானாலும் சரி. முதல் தடவைக்கே ஓர் ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். சிகரெட்டை விடத்தான் கேட்கிறான் என்றால் அங்கே மருந்துக் கடையில் 2 மி.கி. நிகோடின் கம் கிடைக்கும், 1800-112-356 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். அந்த எண்ணை இன்றைக்கே அவனுக்கு அனுப்பிவிடுங்கள்.