லேர்னா, ஸ்டடியா? கேட்டவங்களுக்கு பதில்

இந்த வாட்டி வந்த கேள்வியில பாதிக்கு மேல லேர்ன்ங்கிற ஒரே வார்த்தைய சுத்தியே இருக்கு, அதனால மத்ததெல்லாம் தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேர்த்து ஒரே பதில், கோச்சுக்காதீங்க.

கேள்வி: என் பொண்ணு டென்த் படிக்கிறா. "மை டாட்டர் இஸ் லேர்னிங் டென்த் ஸ்டாண்டர்டு"ன்னு சொல்றேன், சரிதானே மேடம்?

பதில்: இல்லைங்க. "ஷி இஸ் ஸ்டடியிங் இன் டென்த்", இல்லேன்னா சும்மா "ஷி இஸ் இன் டென்த்" போதும். நமக்கு பேப்பர் படிக்கிறதும் படிப்புதான், பரீட்சைக்கு படிக்கிறதும் படிப்புதான், காலேஜ்ல படிக்கிறதும் படிப்புதான், ஆனா இங்கிலீஷ்காரன் இத ரீட், ஸ்டடி, லேர்ன்னு மூணு ரூட்ல பிரிச்சு விட்டுடுறான், அங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் மாட்டுறாங்க. ஸ்டடிங்கிறது உக்காந்து புக்க வச்சுக்கிட்டு நாம போடுற உழைப்பு. லேர்ன்ங்கிறது அது உள்ள இறங்கினதா இல்லையாங்கிற சமாச்சாரம். அதனாலதான் "ஐ ஸ்டடீட் ஆல் நைட் பட் லேர்ன்ட் நத்திங்"னு ஒருத்தர் சொன்னா அதுல தப்பே இல்ல, ராத்திரி பூரா படிச்சேன் ஒண்ணும் ஏறலன்னு அர்த்தம். இதையே திருப்பிப் போட்டு, லேர்ன் பண்ணேன் ஆனா ஒண்ணும் ஸ்டடி பண்ணலன்னாலும் அர்த்தம் வரும், பாத்துப் பாத்தே சமையல் கத்துக்கிட்டவங்க எத்தன பேரு. குழந்தை பேசப் பழகுறதுக்கு "லேர்ன்ஸ் டு டாக்"தான், அங்க ஸ்டடிக்கு வேலையே இல்ல. இந்த ஒரு வித்தியாசத்த பிடிச்சுக்கிட்டீங்கன்னா கீழ இருக்கிற பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

கேள்வி: லேர்ன்டு, லேர்ன்ட். எது கரெக்ட்? எங்க ஸ்கூல்ல ஒரு மிஸ் ஒண்ணு சொல்றாங்க, இன்னொரு மிஸ் வேற சொல்றாங்க.

பதில்: ரெண்டு மிஸ்ஸும் கரெக்ட். கடைசியில இடி (ed) போடுறது அமெரிக்கா பக்கம், டி (t) மட்டும் போடுறது பிரிட்டிஷ் பக்கம், ஆனா பிரிட்டன்லயும் இடி எழுதுறவங்க நிறைய பேரு இருக்காங்க. ஒரே கட்டுரையில ரெண்டையும் கலக்காம இருந்தா போதும். ஆனா ஒரு இடத்துல மட்டும் உஷார். கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல "மை லேர்னெட் ஃப்ரண்ட்"னு சொல்வாங்கல்ல, அது படிச்ச, விஷயம் தெரிஞ்சங்கிற அர்த்தம். அங்க இடி போட்டுத்தான் எழுதணும், லேர்-னெட்னு ரெண்டா பிரிச்சுத்தான் சொல்லணும். டி போட்டு எழுதினா வேலைக்காகாது.

கேள்வி: பேப்பர்ல "இட் இஸ் லேர்ன்ட் தட்"னு அடிக்கடி வருது. யாரு என்ன கத்துக்கிட்டாங்க?

பதில்: நல்ல கேள்வி, சிரிச்சுட்டேன். யாரும் எதையும் கத்துக்கல. லேர்னுக்கு கத்துக்கிறதுன்னு மட்டும் இல்ல, ஒரு விஷயம் தெரிய வர்றதுன்னும் அர்த்தம் இருக்கு. "ஐ லேர்ன்ட் தட் ஷி ஹாட் மூவ்டு டு கோயம்புத்தூர்"னா அவ கோயம்புத்தூர் போயிட்டான்னு எனக்குத் தெரிய வந்துச்சு, அவ்ளோதான். நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்ல நிருபருக்கு தகவல் குடுத்தவர் பேர வெளிய சொல்ல முடியாதப்ப இத போடுவாங்க, தமிழ் பேப்பர்ல "தெரிகிறது", "கூறப்படுகிறது"ன்னு முடிப்பாங்கல்ல, அதோட ஜோடி. துக்கம் விசாரிச்சு எழுதுற மெயில்லயும் இது வரும்: "ஐ வாஸ் சாரி டு லேர்ன் ஆஃப் யுவர் ஃபாதர்ஸ் டெத்". கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன்னு அர்த்தம். அங்க ஆஃப் போடணும், மறந்துடாதீங்க.

கேள்வி: இன்டர்வியூவுல "ஐ லேர்ன்ட் அபௌட் எக்ஸெல்"னு சொன்னேன், எதிர்ல இருந்தவர் ஒரு மாதிரி பாத்தார். என்ன தப்பு?

பதில்: கிராமர் தப்பு இல்ல தம்பி, அர்த்தம்தான் உங்கள கவுத்துடுச்சு. அபௌட் போட்டா அதப் பத்தி தெரிஞ்சுக்கிட்டேன்னு ஆயிடும், கைவேலை வருமாங்கிறது அதுல இல்ல. "லேர்ன் கர்னாடிக் மியூசிக்"னா பாடக் கத்துக்கிறது, "லேர்ன் அபௌட் கர்னாடிக் மியூசிக்"னா மும்மூர்த்திகள் யாரு, ராகம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிறது, பாட வரணும்னு அவசியமே இல்ல. அடுத்த வாட்டி "ஐ லேர்ன்ட் எக்ஸெல்"னு சொல்லுங்க, பிவட் டேபிள் போட்டு காமிக்கச் சொன்னா போடத் தெரியணும், அது உங்க பாடு. "ஐ ஆம் எ குயிக் லேர்னர்"னு எல்லாரும் சொல்றாங்க, சொல்லலாம், ஆனா வெறுமனே அத மட்டும் சொல்லாம எத எவ்ளோ சீக்கிரம் கத்துக்கிட்டீங்கன்னு கூடவே ஒரு வரி சேருங்க.

கேள்வி: பைஹார்ட் பண்ணேன்னு சொல்றது இங்கிலீஷா?

பதில்: நம்ம நாட்டு இங்கிலீஷ். "ஐ பைஹார்ட்டட் த போயம்"னு லண்டன்ல சொன்னா முழிப்பாங்க. "ஐ லேர்ன்ட் த போயம் பை ஹார்ட்" இல்ல "மெமரைஸ்டு". அர்த்தம் புரியாம உருப்போடுறதுக்கு "லேர்ன் பை ரோட்", அதுல கொஞ்சம் குத்தலும் இருக்கும். மக்அப் அடிக்கிறதுங்கிறது மட்டும் நம்ம சரக்கு இல்ல, அது அங்கேருந்து வந்ததுதான்.

கேள்வி: "ஹி லேர்ன்ட் மி டிரைவிங்" சொல்லலாமா அக்கா?

பதில்: வேண்டாம். கத்துக்குடுத்தார்னா டாட், அதாவது டீச்சோட பாஸ்ட். "ஹி டாட் மி டு டிரைவ்." ஷேக்ஸ்பியர் காலத்துல லேர்ன்னா கத்துக்குடுக்கிறதுன்னும் பொருள் இருந்துச்சு, இங்கிலாந்துல சில பக்கத்துப் பேச்சுல இன்னிக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா நாம சொன்னா தப்புன்னுதான் போடுவாங்க. நமக்கு "கத்துக்க", "கத்துக்குடு"ன்னு ஒரே வேர்லேருந்து ரெண்டும் வர்றதால இந்தக் குழப்பம் சகஜம். டிரைவிங்னு சொன்னதால ஞாபகம் வருது, எல்எல்ஆர்னு நாம சொல்றது லேர்னர்ஸ் லைசென்ஸ்தான், 6 மாசம் செல்லும், வாங்கி 30 நாள் கழிச்சுத்தான் நிரந்தர லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். வண்டியில ஒட்டுற சிவப்பு எல்லும் இதே லேர்னர்தான்.

கேள்வி: லியர்ன்னு சொல்றேன், பையன் சிரிக்கிறான்.

பதில்: பையன் சொல்றது சரி. ஹியர், ஃபியர், டியர்ல வர்ற சவுண்ட் இங்க வராது. பறவைக்குச் சொல்ற பேர்ட்ல வர்ற சவுண்ட்தான் லேர்ன்லயும். ஏர்லி, ஏர்ன், சர்ச், பேர்ல் எல்லாம் இதே கூட்டம்.

கேள்வி: ஆபீஸ்ல மேனேஜர் "கீ லேர்னிங்ஸ்"னு ஸ்லைடு போடுறார். லேர்னிங்குக்கு எஸ் வருமா?

பதில்: எனக்கும் அந்த வார்த்த பிடிக்காது, "லெசன்ஸ்"னு அழகா ஒண்ணு இருக்கு. ஆனா கார்ப்பரேட்ல அது நல்லா வேர் விட்டுடுச்சு, இனிமே பிடுங்க முடியாது, மேனேஜர திருத்தப் போகாதீங்க. ஸ்லைடுல அவர் போடட்டும், நீங்க பரீட்சையிலயோ ஐஈஎல்டிஎஸ் எஸ்ஸேயிலயோ எழுதுறப்ப மட்டும் எஸ் இல்லாம எழுதுங்க.