சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு வண்டி ஓட்டலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து பொலேரோ பிக்கப்பில் தக்காளி லோடு அடிக்கிறேன், வண்டி சொந்தம். திரும்பும்போது கோயிலுக்குப் போய்வந்த ஊர்க்காரர்களைப் பின்னால் ஏற்றி வந்தேன். தொப்பூரில் பிடித்துவிட்டார்கள், லைசென்ஸ் மூன்று மாதம் சஸ்பெண்ட் என்று ஆர்டர் வந்திருக்கிறது. டியூ கட்டணும், ராத்திரியில் மட்டும் ஓட்டலாமா? இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ராத்திரியோ பகலோ, ஓட்டவே ஓட்டாதீர்கள். பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எல்லாரும் அதோடு கணக்கை நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்குப் பயம் அதுவல்ல. சஸ்பெண்டில் இருப்பவர் ஓட்டி யார் மேலாவது மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த மாதிரி வழக்குகளில் கோர்ட் பெரும்பாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லும். ஓனர் நீங்கள்தானே? ஒரு உயிர் போயிருந்தால் நஷ்டஈடு பல லட்சம், வண்டியை விற்றாலும் கட்டி முடியாது.

பின்னால் ஆள் ஏற்றுவதும் அப்படித்தான். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் அன்றைக்கு பிரேக் பிடிக்காமல் போயிருந்தால், உங்களை நம்பி ஏறிய அத்தனை குடும்பத்துக்கும் நீங்கள் ஒருவர்தான் பதில் சொல்லணும்.

பிரீமியம் பற்றிக் கவலை வேண்டாம். சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான இன்ஷூரன்ஸ் தொகையை, எடையை வைத்து அரசு நிர்ணயிக்கிறது, உங்கள் சஸ்பென்ஷனால் அது ஏறாது. வண்டி சும்மாதானே நிற்கிறது என்று பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், கிளைம் எதுவும் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும்.

டியூவுக்கு வழி இருக்கிறது. சஸ்பெண்ட் ஆனது லைசென்ஸ்தான், வண்டி அல்ல. ஆள் போட்டு ஓட்டுங்கள், மச்சானோ பங்காளியோ, யாராக இருந்தாலும் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குச் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும், 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தாயிற்று.

ஆர்டரில் தப்பு இருப்பதாக நினைத்தால் கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் போடலாம். இல்லையென்றால் ஒரிஜினலை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி எங்கே என்று அங்கேயே கேட்டு இப்போதே சேர்ந்துவிடுங்கள். லைசென்ஸை முன்கூட்டியே எடுத்துத் தருகிறேன் என்று வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.