லாப்பெய்ரூசியா பூவுக்கு ஏன் இவ்வளவு நீளக் குழாய்?

ஐரிஸ் குடும்பத்து லாப்பெய்ரூசியாவின் பூக்குழாய் அடியில் இருக்கும் தேன் தேனீக்கு எட்டாதே, பிறகு யார்தான் மகரந்தம் சுமப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பல இனங்களுக்கு அந்த வேலையைச் செய்வது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஈக்கள். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் உள்ள ஓர் ஈக்கு உறிஞ்சுகுழல் உடலைவிடப் பல மடங்கு நீளம்! பறக்கும்போது அதை வயிற்றுக்கு அடியில் பின்னோக்கித் தொங்கவிட்டபடி போகும். இரவில் மணக்கும் வெளிர்நிற இனங்களுக்கு அந்துப்பூச்சிகள்.

எனக்கு மிகவும் பிடித்தது லாப்பெய்ரூசியா ஒரியோஜீனா. ஊதா இதழ்களில் வெள்ளை அம்புக்குறிகள். எல்லாமே குழாயின் குறுகிய வாயைத்தான் காட்டும். ஆய்வாளர்கள் அவற்றை மை பூசி மறைத்துப் பார்த்தார்கள். ஈக்கள் பூவரை வந்தன. ஆனால் பெரும்பாலும் குழலை உள்ளே விடவில்லை. காய்ப்பும் குறைந்துபோனது.