பவுடர் இருக்கட்டும், முதலில் மலச்சிக்கல்

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். பால், மொறுமொறு தோசை, பிஸ்கட் தவிர எதையும் தொடமாட்டான். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான். ராத்திரி எழுந்து அழுகிறான். நல்ல நுண்ணுயிர்கள் உள்ள புரோபயாடிக் பவுடர் கொடுத்தால் வயிறும் சரியாகும், பேச்சும் வரும் என்கிறார்கள். மாதம் மூவாயிரம் ரூபாயாம். வாங்கலாமா? தயிர் போதாதா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா.

நீங்கள் சொல்வது மலச்சிக்கல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது மிகவும் சகஜம். பேச்சு வராத பிள்ளை ‘வயிறு வலிக்குது’ என்று சொல்லாது. கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடக்கும், தலையில் அடித்துக்கொள்ளும், தூக்கத்தில் எழுந்து அழும். ‘ஆட்டிசம்னா அப்படித்தான்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஜட்டியில் தண்ணீராகக் கறை பட்டால்கூட வயிற்றுப்போக்கு என்று முடிவு கட்டாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம்.

புரோபயாடிக்கால் சில பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு குறைகிறது. பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2021-இல் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 247 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். ஆட்டிசத்துக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு பெரிதாகத் தெரியவில்லை. ஒரே மாதிரி சாப்பாட்டால்தான் நுண்ணுயிர் வகைகள் குறைகின்றன என்பது அவர்கள் கணிப்பு. உங்கள் மகனின் தட்டும் அப்படித்தானே இருக்கிறது?

தயிர் சாப்பிட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அது மட்டும் மலச்சிக்கலைத் தீர்க்காது. மோர்க்குழம்பாகக் கொதித்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். தோசை மாவும் புளித்ததுதானே என்பீர்கள். கல்லில் வெந்த பிறகு அதிலும் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. ஆனால் சாப்பாட்டில் வகை கூட்ட, அவன் சாப்பிடும் தோசைதான் நமக்கு வழி. தோசை மாவில் கால் ஸ்பூன் கேழ்வரகு மாவு கலந்து ஆரம்பியுங்கள். மொறுமொறுப்பு மாறக்கூடாது. ஒரே நாளில் நிறம் மாறினால் தட்டையே தள்ளிவிடுவான்.

அதற்கு முன் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கிறான் என்று மறக்காமல் சொல்லுங்கள். பாலிலேயே வயிறு நிறைந்தால் வேறு எதுவும் இறங்காது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரோ எழுதித் தருவார்கள். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் ஒழுங்காகப் போனதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும், அப்போது ஐந்து நிமிடம் கழிவறையில் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு உப்பல், எடை குறைவு இருந்தால் உடனே போங்கள்.

மருத்துவரே புரோபயாடிக் எழுதினால் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த மாதம் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.